ரொட்டி டின்னும் கிழித்த புரோநோட்டும்: கிறிஸ்தவர்கள் சொல்லும் சமாதானம் என்ன?

ரங்கூனில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் பெரும்பாலும் நடுராத்திரி தாண்டித்தான் வரும். மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் பெரியம்மா எழுந்து மோட்டாரைப் போடுவார். நீல டிரம் நிறைகிற வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் துருப்பிடித்த ஒரு பழைய ரொட்டி டின். அதற்குள் துண்டுத் துண்டாகக் கிழித்த சீட்டுகள். ஒன்றை எடுப்பார், படிப்பார், கண்ணை மூடுவார், திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். தண்ணீர் விழும் சத்தத்தில் அவர் வாய் அசைவதுதான் தெரியும்.

ஒருநாள் கேட்டேன்: "பெரியம்மா, உங்களுக்குப் பயமே வராதா?"

"வராம என்ன? ஆனா கணக்கு முடிஞ்ச வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பயப்படுறேன். அது வேற."

கிறிஸ்தவ விசுவாசத்தில் சமாதானம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்கிறவர்களுக்கு நான் எதையாவது விளக்க வேண்டுமென்றால், இந்த ஒரு பதிலை விளக்கினால் போதும் என்று நினைக்கிறேன். கோவிலுக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள், கிறிஸ்தவ நண்பர் ஒருவரைப் பார்த்து 'இவர் எப்படி இப்படி இருக்கிறார்?' என்று யோசிக்கிறவர்கள், பிறப்பால் கிறிஸ்தவராக இருந்தும் இதை யாரும் சொல்லித்தராதவர்கள், எல்லோருக்கும்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் பழைய வேதாகமத்தில் 'சமாதானம்' என்று இருக்கிறது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'அமைதி'. நம் பேச்சில் சமாதானம் என்றால் சண்டையை விலக்கிவிடுவது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது. அமைதி என்றால் சத்தம் இல்லாமல் இருப்பது. பர்மிய வேதாகமத்தில் இருக்கும் சொல்லுக்கும் சலனமில்லாமல் அமைந்திருப்பது என்றுதான் பொருள் வரும். மூன்றுமே நல்ல சொற்கள். ஆனால் இவற்றுக்கு அடியில் இருக்கும் எபிரெயச் சொல் ஷாலோம். நமக்குத் தெரிந்த 'சலாம்' அதன் உறவுக்காரச் சொல்தான். ஷாலோமின் வேரில் இருப்பது முழுமை, உடையாமல் இருப்பது. உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் உளி படாத முழுக்கற்களால் பலிபீடம் கட்டச் சொல்லும் இடத்தில், அந்த 'முழு' என்பதற்கு இதே வேரிலிருந்து வந்த சொல்தான் நிற்கிறது. அதே வேரிலிருந்து வரும் இன்னொரு வினைச்சொல்லுக்குக் கடனைத் திருப்பிக் கொடுத்துத் தீர்ப்பது என்று பொருள்.

ஆக, பெரியம்மா 'கணக்கு முடிஞ்ச வீடு' என்று சொன்னது பைபிளின் சொந்த மொழிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிற பேச்சு. அவருக்கு எபிரெயம் தெரியாது. அவர் தாத்தா மொகல் தெருவில், இப்போது ஷ்வே போன் தா தெரு என்கிறோமே அங்கே, வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். கடன் என்ன செய்யும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கீழ் பர்மாவின் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனை குடும்பங்களின் கண்ணீர் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தாத்தா பெரியம்மாவிடம் சொன்னாராம்: கடனை அடைத்து முடித்த ஆளிடம் புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட இடத்தைக் கிழிப்பார்கள். அந்த ஆள் படியிறங்கிப் போகிற நடையே வேறாக இருக்கும். வெளியே அதே மழை, அதே சேறு, வயலில் அதே வேலை. ஆனால் நடை மாறிவிடும்.

கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில், அதாவது கொலோசெயர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் பவுல், நமக்கு எதிராக இருந்த 'கையெழுத்தை' இயேசு குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று எழுதுகிறார். தமிழில் படிக்கும்போது இது ஏதோ கையொப்பம் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடன்பத்திரத்தைக் குறிக்கும். நம் பாஷையில் புரோநோட்டுதான். மனிதன் கடவுளுக்கு விரோதமாகச் செய்தது, செய்யாமல் விட்டது எல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அதை அடைத்தவர் இயேசு. நாம் சம்பாதித்து அடைத்தது அல்ல. இதைத்தான் ரோமர் 5:1 'தேவனிடத்தில் சமாதானம்' என்று சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இதைத் தாண்டி நேராக மன அமைதிக்குப் போகப் பார்க்கிறார்கள். ஜெபம் செய்தால் மனம் லேசாகும், பாட்டுப் பாடினால் பாரம் குறையும் என்று வருகிறார்கள். லேசாகிறதும் உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை அரிசி மூட்டையின் விலையைக் கேட்டதும் அது போய்விடுகிறது. அப்புறம் 'எனக்கு விசுவாசம் போதவில்லை' என்று குற்ற உணர்வு வேறு சேர்ந்துகொள்கிறது. உணர்வைப் பிடித்து வைக்க முடியாது. கடவுள் என்மேல் கோபமாக இருக்கிறாரா, என்னைக் கைவிட்டுவிட்டாரா என்ற கேள்வி தீர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம். அது தீர்ந்துவிட்டால், நாளைக்கு என் நெஞ்சு படபடத்தாலும், அழுதாலும், அந்தக் கிழித்த பத்திரம் மறுபடி ஒட்டிக்கொள்ளாது.

கிறிஸ்தவ சமாதானத்தில் அழுகைக்கு இடம் உண்டா என்றால், தாராளமாக உண்டு. தம் நண்பன் லாசருவின் கல்லறை முன்னால் இயேசு கண்ணீர்விட்டார். கெத்செமனே தோட்டத்தில் மிகவும் வியாகுலப்பட்டார். 'என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று சீஷர்களிடம் சொன்னதும் அதே இரவில்தான், பிடிபடுவதற்குச் சில மணி நேரம் முன்பு. அவர் கொடுத்த சமாதானம் வியாகுலத்தோடு ஒரே இரவில் ஒரே நெஞ்சில் இருந்திருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு பர்மிய அக்கா தினமும் விடியற்காலையில் தியானத்தில் உட்காருகிறவர். அவர் முகத்தில் இருக்கும் நிதானத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆசை எழுவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் பற்றை விட்டுவிடும் என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். ஒருமுறை பெரியம்மாவைக் கேட்டார்: "நீங்களும் கண்ணை மூடித்தான் உட்காருகிறீர்கள். ஆனால் வாய் அசைகிறதே, யாரோடு பேசுகிறீர்கள்?" ரொம்பச் சரியான கேள்வி. கிறிஸ்தவ ஜெபத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அடிப்படை. மனத்தைக் காலி செய்வதைவிட, மனத்தில் இருப்பதை அவரிடம் கொட்டுவதுதான் நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது.

மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஒரு படகு வருகிறது. புயல் அடிக்கிறது, தண்ணீர் படகுக்குள் நிரம்புகிறது. இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்களில் சிலர் அந்தக் கடலிலேயே மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் அது சின்னக் காற்று இல்லை. அவரை எழுப்பி, 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்றார்கள். அழகான ஜெபமா இது? இல்லை. கோபமும் பயமும் கலந்த கத்தல். ஆனால் அவர் அதற்கு எழுந்தார். புதிதாக ஜெபிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நல்ல தமிழில், நல்ல வார்த்தைகளில் ஜெபிக்க வேண்டும் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

தலையணை என்றதும் இந்த நாட்டுக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி 1813இல் ரங்கூனுக்கு வந்தார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுக்க ஆறு வருடம் ஆயிற்று. 1824இல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்தபோது அவரை ஆவாவில் சிறையில் போட்டார்கள். அவர் மனைவி ஆன், புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, யாரும் ஆசைப்படாதபடி கெட்டியாக்கி, சிறைக்குள் கொடுத்தனுப்பினார். அதில் தலைவைத்துத்தான் அவர் படுத்தார். பிறகு அது தூக்கி எறியப்பட்டு, ஒரு பர்மிய விசுவாசியின் கையில் கிடைத்துப் பிழைத்தது.

இந்த அளவுக்குப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அடுத்த பகுதியைச் சொல்ல மாட்டார்கள். விடுதலையான பிறகு 1826இல் ஆன் இறந்தார். ஆறு மாதம் கழித்துக் கைக்குழந்தையும் போயிற்று. ஜட்சன் உடைந்துவிட்டார். காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் காண முடியவில்லை என்று அந்த நாட்களில் எழுதினார். மெதுவாக, வருடக்கணக்கில், மீண்டு வந்தார். 1834இல் மௌல்மீனில் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். அந்த மொழிபெயர்ப்பைத்தான் இன்றும் பர்மிய சபைகளில் படிக்கிறார்கள். மனச்சோர்வு வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து ஜட்சனை நினைத்துக்கொள்ளுங்கள். கடவுளை உணர முடியாத நாட்களிலும் அவரைப் பிடித்திருந்த கை விடவில்லை.

சரி, கிறிஸ்தவர்கள் சமாதானத்தோடு சேர்த்துச் சொல்லும் எளிமைக்கு வருவோம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது.

பெரியம்மாவின் ரொட்டி டின்னுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987இல் அது அவர் அம்மாவின் சேமிப்பு டின். மகள் கல்யாணத்துக்காக வருடக்கணக்கில் சேர்த்தது, முக்கால்வாசி 75 கியாட் நோட்டுகள். செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். மாற்றிக்கொள்ள வழியில்லை, நஷ்டஈடு இல்லை. இந்த நாட்டு ஜனங்களுக்கு அது முதல் தடவையும் இல்லை; 1964இல் 50, 100 நோட்டுகள் போயின, 1985இல் மறுபடியும் அடி விழுந்தது. "அம்மா அந்த டின்னை மடியில வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாங்க. அழக்கூட இல்ல" என்பார் பெரியம்மா. 'பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம். இங்கே பூச்சியும் துருவும் அவைகளைக் கெடுக்கும்' என்ற வசனத்துக்கு எங்கள் வீட்டில் வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை. இப்போதும் பாருங்கள், 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,300 கியாட் சொச்சம் இருந்தது; 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிப் போனது. சேமிக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சொல்கிறதே. சேமிப்பு வேண்டியதுதான். அதன்மேல் உயிரைச் சாய்த்து வைத்தால், அது சாயும்போது உயிரும் சாயும்.

அதே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், 'உன் கண் தெளிவாயிருந்தால் உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்' என்று இயேசு சொல்கிறார். 'தெளிவு' என்று மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஒற்றை', 'மடிப்பில்லாதது' என்று நேர்ப்பொருள். ஒரு வசனம் தள்ளி, இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று வருகிறது. எளிமை என்பதை நான் இங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். வீட்டில் சாமான் குறைவாக இருப்பது எளிமையின் விளைவாக இருக்கலாம், வேர் அது இல்லை. பார்வை ஒன்றாக இருப்பதுதான் வேர். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது ஒரு எஜமான். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள் என்பது ஒரு எஜமான். வட்டிக்கு வாங்கியாவது விருந்து போட வேண்டும் என்று நம் ஆட்கள் படும் பாட்டை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த வட்டி பிறகு பிள்ளைகளின் படிப்பைத் தின்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரே எஜமானைப் பிரியப்படுத்தினால் போதும் என்று ஒரு வீடு முடிவு செய்தால், பாதிச் செலவும் முக்கால்வாசிக் கவலையும் தானாக உதிர்ந்துவிடும்.

எவ்வளவு போதும் என்பதற்கு யாத்திராகமம் 16 ஒரு நல்ல அளவுகோல். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் கொடுத்த மன்னா என்ற உணவு அன்றன்றைக்கு வந்தது. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். பயந்துபோய் மறுநாளைக்கு மீதி வைத்தவர்கள் வீட்டில் அது புழு பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாள் இரட்டிப்பாக எடுக்கச் சொன்னார், ஏழாம் நாள் ஓய்வுக்காக. அது மட்டும் நாறவில்லை. பயத்தில் சேர்த்தது கெட்டது, ஓய்வுக்காகச் சேர்த்தது கெடவில்லை. இதை நினைத்துப் பார்க்க நிறைய இருக்கிறது. 'அன்றன்றுள்ள எங்கள் ஆகாரத்தை எங்களுக்கு இன்று தாரும்' என்று இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் பின்னால் இந்த மன்னாவின் நினைவு இருக்கிறது. அதில் 'எங்கள்' என்று இருப்பதையும் கவனியுங்கள். என் ஆகாரம் என்று அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது. நம் சோற்றுப் பானைக்குள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுகிறார்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், பெரியம்மா செய்வதைத்தான் காட்டுவேன். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தைப் படித்த பிறகு தொடங்கிய பழக்கம் அது. பவுல் அதைச் சங்கிலியோடு இருக்கும்போது எழுதினார்: ஒன்றுக்கும் கவலைப்படாமல், விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள், அப்போது எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் காத்துக்கொள்ளும். இந்தக் 'காத்துக்கொள்ளும்' படைவீரன் வாசலில் காவல் நிற்பதைச் சொல்லும் சொல். பிலிப்பி ரோமப் படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர். அங்கே இருந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

கவலை மொத்தமாக இருக்கும்போதுதான் மலையாகத் தெரியும். பெரியம்மா அதைச் சீட்டுச் சீட்டாகப் பிரித்துவிட்டார். ஒரு சீட்டில் ஒரு பெயர், ஒரு காரியம். 'மோட்டார் – காயில்'. 'எதிர்வீட்டு அக்கா – முட்டிவலி'. 'அரிசி'. நல்லது நடந்தால் பின்பக்கம் தேதி போட்டு 'ஸ்தோத்திரம்' என்று எழுதுவார். டின்னில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் சீட்டுகளும் நிறைய உண்டு. அவற்றை அவர் எடுத்து எறிவதில்லை.

நேரத்தைத் தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு கட்டிப்போடுங்கள். அவருக்கு மோட்டார், உங்களுக்கு அடுப்பில் பால் பொங்கும் நேரமாக இருக்கலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமாக இருக்கலாம். படுக்கும் முன் ஃபேஸ்புக்கில் செய்தி பார்ப்பதை விடுங்கள். அந்த நேரத்தில் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யப்போவது எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வியாபாரம், கணக்கு எல்லாவற்றையும் மூடிவையுங்கள். இது முதலில் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது, உங்களுக்கே பற்றாக்குறையாக இருக்கும்போதும், ஒருவருக்குக் கொடுங்கள். பயத்தை உடைக்க இதைப்போல வேறொன்றை நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். பேச்சு அப்புறம்தான் வந்தது. களைத்துப்போன ஒருவரிடம் வசனத்தை நீட்டும் முன் ஒரு தட்டுச் சோற்றை நீட்டுகிறவர்கள் இந்த அதிகாரத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

போன வாரம் கரண்ட் இரண்டரை மணிக்கு வந்தது. எனக்குத் தூக்கம் வராததால் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியம்மா எனக்கும் நாலு சீட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் கடைசியாக எடுக்கும் சீட்டு எனக்குத் தெரியும். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்ட சீட்டு. 'சின்னவன் – மலேசியா'. 2024இல் போனவன், சில மாதங்கள் போன் வரும், சில மாதங்கள் வராது. பின்பக்கம் இன்னும் வெறுமைதான். டிரம் நிரம்பி வழியத் தொடங்கியது. நான் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அவர் குரல் முதல்முறையாகக் கேட்டது: "அவன் சாப்பிட்டிருப்பானா, ஆண்டவரே?" பிறகு சீட்டை மடித்து டின்னுக்குள் போட்டு மூடினார். "வா, நாலு மணி வரைக்காவது தூங்கலாம்" என்றார்.